சமுதாயக் கல்லூரியும் நம் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளும்

(நமது ஆஸ்பத்திரியின் ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயக் குருவானவர் ஆற்றிய உரை)



வருஷந்தோறும் இந்தக் கூடுகையில் பெரிய டாக்டர் அம்மா அறிக்கை வாசிப்பார்கள். பொருளாளர் கணக்கு வாசிப்பார். நாங்கள் ஜெபம் செய்து உங்களைத் தேநீருக்கு அனுப்பிவைப்போம். அதுவே வழக்கம். இந்த வருஷம் எங்களையும் பேசும்படி கமிட்டியார் கேட்டார்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி நம் பிள்ளைகளின் துணை மருத்துவப் படிப்புக்குச் செலவாகிறது. அந்தப் படிப்பைக் குறித்து உங்களுக்குச் சொல்ல வேண்டிய சில காரியங்களும், நாங்கள் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு காரியமும் இருந்தபடியால் சம்மதித்தோம். நீளமான பிரசங்கமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தேநீர் ஆறுமுன் முடித்துவிடுவோம்.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிற திமிர்வாதக்காரனை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நான்கு பேர் அவனைப் படுக்கையோடு சுமந்து வந்து, ஜனக்கூட்டத்தால் வாசலில் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள். அந்த நான்கு பேரின் பெயர் எழுதப்படவில்லை. மதுரை அரசரடியில் இறையியல் படித்த நாட்களில் இந்தப் பகுதியை வைத்து விசுவாசத்தைக் குறித்துப் பக்கம் பக்கமாய் எழுதினோம். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் வேறொரு கேள்வி எழும்பிற்று. நடக்க முடியாத ஒரு மனுஷனைக் கீழே விழாமல் கூரைமேல் ஏற்றுவதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்? எந்த மூலையில் யார் பிடிப்பது, கயிற்றை எந்த வேகத்தில் விடுவது என்று தெரியாதவர்கள் அதைச் செய்திருக்க முடியாது.

நம் வார்டுக்குள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். சர்க்கரை வியாதியால் காலில் புண் வைத்த ஒரு பெரியவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓபி சீட்டு எழுதுகிறவர் ஒருவர். சக்கர நாற்காலி தள்ளுகிறவர் ஒருவர். ரத்தம் எடுக்கிறவர், எடுத்த ரத்தத்தைப் பரிசோதிக்கிறவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், மருந்து கொடுக்கிறவர், ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் பண்ணுகிறவர், பிற்பாடு நடக்கப் பழக்குகிற பிசியோதெரபிஸ்ட், என்ன சாப்பிடலாம் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று வரிசை நீள்கிறது. சிறுநீரகமும் கெட்டிருந்தால் டயாலிசிஸ் டெக்னீஷியனும் சேர்ந்துகொள்கிறார். டாக்டரும் நர்ஸும் இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அந்தப் பெரியவரைத் தொடுகிற கைகளை எண்ணினால் அதிகம் இந்த மற்றவர்களின் கைகளே.

இது புதிதாகக் கண்டுபிடித்த காரியமும் அல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கியபோதே தனி ஆளாய் இது ஆகாது என்று கண்டுகொண்டார்கள். 1903இல் கம்பவுண்டர்களுக்கும், 1909இல் நர்ஸுகளுக்கும் பயிற்சி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதன் பின், 1918இல்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். டாக்டர்களை உண்டாக்குமுன் கம்பவுண்டரை உண்டாக்கினார்கள்.

அதே வேலூரில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். அவர் செய்தது என்னவென்றால், நல்ல நிலையிலிருக்கிற ஒரு தசையின் நாணை அது இருந்த இடத்திலிருந்து எடுத்து, செயலற்ற தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் பொருத்துவது. அறுவை முடிந்து கட்டைப் பிரித்ததும் விரல் தானாய் வேலை செய்யாது. மூளைக்கு அந்தத் தசையின் பழைய வேலைதானே தெரியும்! விரலை மடக்கு என்றால் எந்தத் தசையை இழுக்க வேண்டும் என்று நோயாளி புதிதாய்ப் படிக்க வேண்டும். அறுவைக்கு முன்னே தசையைத் தனித்து அசைக்கப் பழக்குவதும், பின்னே வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து அசைக்க வைப்பதும் பிசியோதெரபிப் பயிற்சியாளர்கள் செய்தது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பேர்போன அறுவை சிகிச்சையால் பயன் கொஞ்சமே.

இப்போது நம் ஆஸ்பத்திரிக்கு வருவோம். நாங்கள் இங்கே 2001இல் வந்தோம். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே, சுற்று வட்டாரத்து ஏழைப் பிள்ளைகளை எட்டாவதோ பத்தாவதோ முடித்த கையோடு சேர்த்து, தங்க இடமும் சாப்பாடும் ஒரு சிறு தொகையும் கொடுத்து, வேலையிலேயே பழக்குவது வழக்கமாயிருந்தது. நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். அவர்களில் ஒரு சகோதரி லேப்பில் 19 வருஷம் இருந்தார்கள். ரத்தக் குழாயே அகப்படாத கைக்குழந்தை என்றால் டாக்டர்மாரே அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்பார்கள். 2003இல் கணவருக்கு வேலை மாறிற்று, குடும்பத்தோடு போனார்கள். இரண்டு வருஷம் கழித்து எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

“ஐயா, நம்ம ஆஸ்பத்திரியில ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. போற எடத்துல எல்லாம் என்ன படிச்சிருக்கன்னு கேக்குறாங்க.”

எழுதிக் கொடுத்தோம். நற்சாட்சிப் பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். கண்காணிப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து இரண்டு பக்கம். எந்த லேப்பும் அதை ஏற்கவில்லை. கடைசியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் தரை துடைக்கவும் தண்ணீர் எடுத்து வைக்கவும் சேர்ந்தார்கள். உள்ளே புதுப் பையன் ஊசியோடு தடுமாறுவதைத் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னபோது அவர்கள் அழவில்லை, சிரித்தார்கள். எங்களால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 19 வருஷத்தில் ஒருநாளாவது அந்தப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றாமல் போயிற்று. குறைந்த சம்பளத்தில் நல்ல வேலைக்காரி கிடைத்தது எங்களுக்குச் சௌகரியமாயிருந்தது. அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சமுதாயக் கல்லூரி என்ற பேச்சு எங்கள் காதில் விழுந்தது. அதன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி இரண்டு வருஷப் படிப்போடு ஒரு சிறு கல்லூரி தொடங்கினார்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே வந்து படிக்க வேண்டும் என்பது எண்ணம். 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடெங்கும் வர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அதன் பின்தான். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் உண்டு. எக்ஸ்ரே டெக்னீஷியன், மூச்சுப் பயிற்சி சிகிச்சையாளர், லேப் டெக்னீஷியன் என்று அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற அநேகர் அங்கே இரண்டு வருஷம் படித்து, தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள். பகலில் கடையில் வேலை பார்த்து மாலையில் வகுப்புக்கு வருகிற தாய்மாரும் அதில் உண்டு.

நம் நாட்டில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் இதைத் தொடங்கின. இயேசு சபைக் குருவாகிய சேவியர் அல்போன்ஸ் அடிகளார் ஊர் ஊராய் இதைக் கொண்டுபோனவர். பள்ளியை இடையில் விட்டவர்கள், ப்ளஸ் டூ தவறியவர்கள், வயது மீறியவர்கள் என்று மற்றக் கல்லூரிகள் வாசலில் நிறுத்தியவர்களுக்கு வாசலைத் திறப்பதே அவர்கள் நோக்கம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரில் வேலைப் பயிற்சி, பிறகு வேலைக்கு ஆயத்தம் என்று ஒரு வருஷத்தைப் பகுத்திருந்தார்கள். பின்னாட்களில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் தனியே ஒரு திட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கர் தொடங்கியதை நாம் ஏன் பின்பற்ற வேண்டும் என்று நம் கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அந்தச் சகோதரியின் துடைப்பம் எங்கள் கண்முன் நின்றதால் நாங்கள் சற்றுக் கடுமையாகவே பதில் சொன்னோம். பிற்பாடு அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

ஆக, அருகிலுள்ள ஒரு சமுதாயக் கல்லூரியின் உடல்நல உதவியாளர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் ஆஸ்பத்திரி பயிற்சித் தளமாயிற்று. பாடம் அங்கே, கைப்பழக்கம் இங்கே. நம் வட்டாரத்து ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தை உங்கள் காணிக்கை ஏற்றுக்கொண்டது. கைப்பிடி அரிசி சேர்த்து விற்ற பணம் என்று மாதர் சங்கத்தார் சில்லறையாய்க் கொண்டுவந்து கொட்டியதை எண்ணி முடிக்க எங்கள் குமாஸ்தாவுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று.

அந்தப் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று சிலர் கேட்கிறீர்கள். முதல் வாரம் முழுக்கக் கைகழுவல். சிரிக்காதீர்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும். கட்டைவிரலை எல்லாரும் மறப்பார்கள். பிறகு அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து, பிறகு குழிப்புண் ஆகிவிடும். மஞ்சள் பையில் எது, சிவப்புப் பையில் எது, ஊசிக்கு எந்த டப்பா என்று கழிவைப் பிரிப்பது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து ரத்தக்குழாய் இணைத்த கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ கூடாது. அந்த இணைப்பின்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும்.

லேப்பில் ஒரு பாடம் எங்களுக்கே புதிதாயிருந்தது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசியம் உப்பு இருக்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் குறைந்துபோயிற்றே என்று யாராவது அவசரத்தில் ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால், பரிசோதனையில் நோயாளிக்குப் பொட்டாசியம் பயங்கரமாய் ஏறியிருப்பதாகக் காட்டும். இல்லாத வியாதிக்கு மருந்து ஏறும். அப்படி ஊற்றுவதைவிட நோயாளியிடம் போய், இன்னொரு தரம் குத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லித் திட்டு வாங்குவதே மேல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊழியத்திலும் இப்படி ஊற்றிக் கலந்த சந்தர்ப்பங்கள் உண்டு என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பிடித்துப் பார்க்கிறாற்போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். ஒரு முழு நிமிஷம் என்பது வேலை நெருக்கடியில் வெகு நீளம். அதனால் எந்த ஆஸ்பத்திரியின் தாளை எடுத்தாலும் மூச்சு 20, 20, 20 என்று கீழே வரைக்கும் ஒரே எண்ணாய் ஓடுவதைக் காணலாம். நம் வார்டிலும் அப்படித்தான் ஓடியது. பயிற்சிக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பிள்ளை, பத்தாவது மட்டும் படித்தவள், ஒரு பாட்டியின் தாளில் 34 என்று எழுதிவிட்டாள். பொறுப்பிலிருந்தவர்கள் கோபித்தார்கள். “மேல எல்லாம் இருபதுன்னு இருக்கு, உனக்கு மட்டும் எப்படி முப்பத்தி நாலு வந்திச்சு?” என்று கேட்டார்கள். அவள் பதில் பேசவில்லை. திரும்பப் போய் இன்னொரு நிமிஷம் எண்ணிவிட்டு வந்து, “முப்பத்தி ஆறு, அக்கா” என்றாள். டியூட்டி டாக்டர் வந்து பார்த்தபோது இரு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. பாட்டி பதினோராம் நாள் வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் மேட்ரன் அம்மா 20 என்று எழுதியிருக்கிற தாளைக் கண்டால் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் ஸ்தோத்திரம் சொல்கிறீர்கள். இனிச் சொல்லப்போவது எங்கள் தவறு.

2018இல் நம் செய்திமடலில் ஒரு படம் வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகமிருக்கும். வெள்ளைக் கோட்டு அணிந்த பிள்ளைகள் வரிசையாய்ச் சிற்றாலயப் படிக்கட்டில் நிற்பார்கள். அதன் கீழே, உங்கள் காணிக்கையால் உருவான செவிலியர் என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியை எழுதியவர்கள் நாங்களே. உடல்நல உதவியாளர் என்று எழுதினால் ஆதரவாளர்களுக்கு விளங்காது, செவிலியர் என்றால் கேட்க நன்றாயிருக்கும் என்று எண்ணினோம். நர்ஸ் என்பவர் கவுன்சிலில் பதிவு பெற்றவர். துணைச் செவிலியருக்கே ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் படிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முடித்தது ஒரு வருஷம். இது எங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தப் படத்தில் மூன்றாவதாய் நிற்கிறவள்தான் நாங்கள் சொன்ன 34. அவள் தகப்பனார் கல் உடைக்கிற வேலை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அடுத்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை வந்தபோது அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு அம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதிவு எண் என்ன என்று சாதாரணமாய்த்தான் கேட்டார்களாம். அங்கே எல்லாம் நின்றுபோயிற்று. பொய் சொல்லிப் பெண் கொடுக்கப் பார்த்த குடும்பம் என்று பேர் வந்தது.

தகப்பனார் அந்த உறைபோட்ட பக்கத்தோடு எங்களிடம் வந்தார். சத்தம் போடவில்லை. மேசைமேல் அதை வைத்துவிட்டு, “இது நீங்க எழுதினதுதானே ஐயா? நான் எழுதலையே?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஆமென்றோம். அவரோடு அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, எழுதினவர்கள் நாங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். காப்பி கொடுத்தார்கள். சம்பந்தம் திரும்பவில்லை.

அந்தப் பிள்ளை எங்கள்மேல் கோபம் வைக்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். 2020இலும் 2021இலும் கொரோனா வார்டில் கவச உடைக்குள் வேர்த்து, ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று இரவு முழுக்கப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

2021இல் இன்னொன்றும் நடந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கென்று பாராளுமன்றம் ஒரு தேசியச் சட்டம் இயற்றியது. லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி, கண் பரிசோதனை, டயாலிசிஸ், மருத்துவப் பதிவேடு என்று இத்தனை காலம் ஆளுக்கொரு பெயரும் இடத்துக்கொரு படிப்புமாய் இருந்தவர்களைப் பத்துப் பிரிவுகளில் அடக்கி, ஆணையமும் பதிவேடும் வேண்டும் என்று வகுத்தார்கள். நல்ல சட்டம் என்றே நாங்கள் எண்ணுகிறோம். துடைப்பம் பிடித்த நம் சகோதரிக்கு இருபது வருஷம் முந்தி இது வந்திருக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்று சட்டம் ஒருவரை ஏற்றுக்கொள்ள, அவர் படித்த டிப்ளமோவோ பட்டமோ 2000 மணி நேரத்துக்குக் குறையாததாகவும், இரண்டு முதல் நான்கு வருஷத்தில் பரவியதாகவும் இருக்க வேண்டும். நாங்கள் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். நம் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், வருஷத்துக்கு நாற்பது வாரம் படிக்கிறார்கள். 1200 மணி வருகிறது.

அப்படியானால் இந்த வகுப்பை மூடிவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அது நியாயமாய்த் தோன்றியது. மேட்ரன் அம்மாதான் தடுத்தார்கள். “மூடினா அந்தப் பிள்ளைங்க எங்க போகும்? தெருவுக்குத் தெரு நர்சிங் காலேஜ்ன்னு போர்டு போட்டிருக்கானே, அங்கதான் போகும். வட்டிக்கு வாங்கிக் கட்டும்.” அது மெய். ஊர் பெயரும் இடத்தின் பெயரும் வேண்டாம். ஒரு கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறை எடுத்து, தொப்பியும் கோட்டும் கொடுத்து, நர்ஸ் ஆக்குகிறோம் என்று சொல்லி, ஒரு நோயாளியைக்கூடத் தொடவிடாமல் சான்றிதழ் கொடுத்த இடத்திலிருந்து வந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் போர்டில் எழுதியதும் நாங்கள் படத்தின் கீழ் எழுதியதும் ஒரே வார்த்தை என்பதை அன்று கமிட்டியில் சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவில் இப்படித் தீர்மானித்தோம். வகுப்பு இருக்கும். சேருகிற நாளிலேயே பிள்ளையையும் தாய் தகப்பனையும் உட்கார வைத்து, இது நர்ஸ் படிப்பு அல்ல, லேப் டெக்னீஷியன் படிப்பும் அல்ல, நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர் படிப்பு என்று தமிழில் எழுதிக் காட்டி, வாசித்துக் கையெழுத்து வாங்குகிறோம். சிலர் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். முடித்த பிள்ளைகளில் மேலே படிக்க விருப்பமும் திராணியும் உள்ளவர்களைப் படியேற்ற வேண்டும் என்பது தீர்மானத்தின் மறுபாதி. அங்கேதான் உங்கள் உதவி வேண்டியிருக்கிறது.

லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாவதோடு நின்றவர்கள். அவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி. பள்ளிக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டே படிக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மே வாக்கிலும் அக்டோபர் நவம்பர் வாக்கிலும் தேர்வு. பதிவு செய்தவருக்கு ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடம் தேறினால் அது தேறினதுதான், தவறின பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். இதற்காக இரவு டியூட்டி குறைத்துக் கொடுக்கிறோம். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுக்கிறார். அவருக்குச் சம்பளம் வேண்டாமாம், பஸ் கட்டணம் மட்டும் கொடுக்கிறோம்.

ஆகவே, அன்பானவர்களே, முன்போல ஒரு வருஷத்தில் இத்தனை பிள்ளைகள் முடித்தார்கள் என்று உங்களுக்கு நீண்ட பட்டியல் அனுப்ப எங்களால் ஆகாது. ஒரே பிள்ளைக்கு நான்கு வருஷம், ஐந்து வருஷம் கொடுக்க வேண்டியிருக்கும். சில சபைகள் வருஷத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு படம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு பிள்ளையை எடுத்து அவள் முடிக்கும்வரை விடாதீர்கள். நடுவில் தவறுவாள். தவறினாள் என்றே எழுதுவோம். படம் போட்டால் அவள் என்ன படிக்கிறாளோ அந்தப் பெயரைத்தான் கீழே போடுவோம். 2018ஆம் வருஷப் படத்தைக் குறித்த திருத்தத்தை இந்த இதழிலேயே போடும்படி பதிப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். பிந்தித்தான் வருகிறது, தெரியும்.

எங்கள் 34 எப்படியிருக்கிறாள் என்று கேட்பீர்கள். திறந்தநிலைப் பள்ளியில் எழுதினாள். தமிழ், ஆங்கிலம், வேதியியல், உயிரியல் தேறிவிட்டாள். இயற்பியல் இரண்டு தரம் போயிற்று. டிப்ளமோ கல்லூரியில் வயதைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறோம். அவளுக்கு இடமுண்டு என்றார்கள். வருகிற அக்டோபரில் மறுபடி எழுதுகிறாள். ஒளியியல் பாடம் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது என்று வாத்தியார் சொல்கிறார். உங்களில் இயற்பியல் ஆசிரியர் யாராவது சனிக்கிழமைகளில் வரக்கூடுமானால் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள்.

பயிற்சி அறை தேநீர்ப் பந்தலுக்கு அடுத்த கட்டிடம். பிள்ளைகள் அங்கே காத்திருக்கிறார்கள். உங்கள் ஒவ்வொருவரின் மூச்சையும் ஒரு முழு நிமிஷம் எண்ணிச் சொல்வார்கள். உள்ளே போகுமுன் கைகழுவச் சொல்வார்கள். கட்டைவிரலை மறந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.